ஒரு மூடித் தேங்காய்

இன்ஸ்பெக்டர் ஈவ்லினுக்குத் துப்பாக்கி குறைந்துபோகுமோ என்றுதான் பயம். கூடிப்போனால் என்ன செய்வது என்று காவல்துறையில் யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை.

வந்திருந்தவர் ஒரு சின்ன நாட்டின் அதிபர். நாட்டின் பெயரைச் சொன்னால் நீங்கள் வரைபடத்தைத் தேடிக்கொண்டு போய்விடுவீர்கள், கதை நின்றுவிடும். சாந்தோமில் புனிதரின் கல்லறைமுன் முழங்கால் போட்டு ஜெபிப்பதாகத் தாயாருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாராம். ஜெபிக்க வருகிறவர் ஜெபமாலையோடு வந்திருக்கலாம். இவர் பதினொரு மெய்க்காவலர்களோடும் பதினான்கு துப்பாக்கிகளோடும் வந்தார்.

விமான நிலையத்திலேயே பட்டியல் போட்டாயிற்று. ஆட்களின் பெயர், துப்பாக்கிகளின் எண், எல்லாம் இரண்டு பிரதிகள். ஆறு பேர் இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். மிச்சம் எட்டும் நீளத் துப்பாக்கிகள். அவை அடையாற்றில் அதிபர் தங்கியிருந்த விருந்தினர் பங்களாவின் பின்கட்டு அறையில் இருக்க வேண்டும். அந்த அறையின் கம்பிக் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி நம்மிடம், ஒரு சாவி அவர்களிடம். காலையிலும் மாலையிலும் இரு தரப்பும் சேர்ந்து எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வேலைதான் ஈவ்லினுக்கு. இருபத்திரண்டு வருட சர்வீஸில் எள் என்றால் எண்ணெயாக நிற்பவள் என்று பெயர் வாங்கியவள் அவள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஆயுத பூஜை வந்தது.

ஏட்டு வேம்பு இல்லாவிட்டால் அது வந்த சுவடு தெரியாமல் போயிருக்கும். துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பது அவர் வேலை. எந்தப் பந்தோபஸ்துக்கு அனுப்பினாலும் சரி, ஆயுத பூஜையன்று அவர் இருக்கும் இடத்தில் பூஜை நடக்கும். அரசு அலுவலகத்தில் இதெல்லாம் கூடாது என்று சுற்றறிக்கை உண்டே என்றால், அந்தச் சுற்றறிக்கைக்கும் ஒரு பொட்டு வைத்து மற்றவற்றோடு அடுக்கிவிடுவார். வாக்கி டாக்கி, வண்டிச் சாவி, சமையற்காரரின் கத்தி என்று எதையும் விடமாட்டார். விட்டுப்போன ஆயுதம் கோபித்துக்கொண்டு, வேண்டிய நேரத்தில் கை கொடுக்காது என்பது அவர் கட்சி.

வெளிநாட்டுக்காரர்களின் எட்டுத் துப்பாக்கிகள் மட்டும் அந்த அறையில் அநாதையாகக் கிடப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. மாலை எண்ணிக்கையின்போது அவர்களுடைய தலைவரான கர்னலிடம் கையையும் காலையும் ஆட்டி விளக்கினார். கர்னல் ஒல்லியான மனிதர், நரைத்த மீசை. அன்று என்ன குஷியோ, சிரித்துக்கொண்டே சரி என்றுவிட்டார். துப்பாக்கிகள் அறையை விட்டு வெளியே வரக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. ஈவ்லினும் தலையாட்டினாள். மறுநாள் காலைத் திருப்பலிக்கு அதிபர் வருவதால் சாந்தோம் கோவிலில் கடைசிச் சோதனை நடந்துகொண்டிருந்தது. தன் சாவியை வேம்புவிடம் கொடுத்துவிட்டு அவள் அங்கே போய்விட்டாள்.

அது பெரிய தப்பு என்று அப்போது தோன்றவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஈவ்லின் பங்களாவுக்கு வந்தாள். கர்னல் அவர்களுடைய சாவியோடு ஆறரைக்கு வருவார். அதற்குள் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கம்பிக் கதவுக்கு வெளியே நின்று டார்ச் அடித்தாள். தரையில் வெள்ளை வேட்டி விரித்து, எட்டு நீளத் துப்பாக்கிகளும் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப் பூ. பொரி கடலை ஒரு தட்டில். எட்டாவதுக்குப் பக்கத்தில், ஈரத் துண்டின்மேல், ஒன்பதாவதாக ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. அதற்கும் பொட்டு வைத்திருந்தது.

இடுப்பில் இருக்க வேண்டிய ஆறில் ஒன்றாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். முன்வாசலுக்குப் போய், காலை ஷிப்டுக்கு அணிவகுத்து நின்றவர்களைப் பார்த்தாள். ஆறு இடுப்பிலும் ஆறும் இருந்தன. திரும்பி வந்து மறுபடி டார்ச் அடித்தாள். ஒன்பதும் இருந்தன.

“வேம்பு, இது ஏது?”

வேம்பு வாளியில் மாவிலையைக் கழுவிக்கொண்டிருந்தார். “எது மேடம்? ஓ, அதுவா. நேத்து பூஜை நேரத்துல அவுங்க ஆளு ஒருத்தர் கொணாந்து வெச்சாரு.”

“யாரு?”

“அந்தப் பெரிய ஆளு மேடம். கட்ட வெரல்ல நகம் இல்லாம கீதே, அவுரு. மிரோன்னு கூப்புடுவாங்க. துண்டுல சுத்தி எடுத்துக்கினு வந்தாரு. நான் கூப்டவே இல்ல, அவரா வந்தாரு. கடசீல வெச்சுட்டு, நம்ம மாதிரியே கையெடுத்துக் கும்புட்டாரு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா, பூட்டுனோம். நைட்டு அவுங்க சாவி அவருகிட்டதான் இருந்துச்சு. மறு பூஜை ஆவற வரைக்கும் தொடக் கூடாதுன்னு சைகைல சொன்னேன். தலைய ஆட்டிட்டு, நல்லா இழுத்துப் பாத்துட்டுப் போனாரு.”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். வேம்பு ஊதிய சங்கில் ஒரு துப்பாக்கி வந்து விழுந்திருந்தது. பட்டியலில் இல்லாத துப்பாக்கி. மறைத்துக் கொண்டுவந்த ஒன்றை, காலையில் போலீஸ் எண்ணும் என்று நன்றாகத் தெரிந்த இடத்தில், ஒருவன் தானாகவே கொண்டுவந்து வைத்துவிட்டுப் பூட்டை இழுத்தும் பார்த்திருக்கிறான். அவன் எதையோ சொல்ல வருகிறான் என்பது ஈவ்லினுக்குப் புரிந்தது. என்ன என்பது புரியவில்லை.

உதவி ஆணையர் பிரணவுக்குப் போன் போட்டாள். அவளைவிடப் பத்து வயது சின்னவர். இந்தப் பயணத்துக்கு அவர்தான் பொறுப்பு.

“சார், ஆயுதத்துல ஒண்ணு வித்தியாசமா இருக்கு.”

“குறையுதா?”

“இல்ல சார். கூடுது.”

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. “குறையலல்ல? அப்புறம் ஏன் காலங்காத்தால பயமுறுத்தறீங்க?”

“லிஸ்ட்ல இல்லாத பிஸ்டல் சார். யாரோ ஒளிச்சுக் கொண்டுவந்திருக்காங்க. இன்னைக்குத் திருப்பலி இருக்கு. நான் எழுத்துல குடுத்துடறேன், ப்ரோகிராமை நிறுத்திடலாம்.”

“எழுதுங்க. எழுதினா முதல் கேள்வி என்ன தெரியுமா? ஏர்போர்ட்டை எப்படித் தாண்டி வந்துச்சு? தாண்ட விட்டது யாரு? நீங்களும் நானும். லிஸ்ட்ல பதினாலு, பதினாலைக் காட்டிக் கையெழுத்து வாங்குங்க. அந்த இன்னொண்ணு அவங்களுக்குள்ள பாத்துக்குவாங்க.” போன் வைக்கப்பட்டது.

ஈவ்லின் அடுத்து அப்பாவுக்குப் போட்டாள். பவுல்சாமி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வயது எழுபத்து மூன்று. நான்கு தலைமுறையாக சாந்தோம் கோவில் பங்கில் இருக்கும் குடும்பம். பெரிய விருந்தினர் வந்தால் பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நிற்பது அவர்தான். இன்றும் அவர்தான். நேற்று ஒத்திகையில், அதிபரின் நாற்காலிக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு கை நீள இடைவெளிகூட இல்லாததை ஈவ்லின் பார்த்திருந்தாள்.

“அப்பா, இன்னைக்கு மெழுகுவத்தி வேற யாரையாவது பிடிக்கச் சொல்லுங்களேன்.”

“ஏம்மா?”

“சும்மாதான். ரொம்ப நேரம் நிக்கணும், உங்களுக்கு முழங்கால் வலி வேற.”

“முழங்காலுக்கு மாத்திரை போட்டாச்சு. வெள்ளை வேட்டி இஸ்திரி போட்டாச்சு. நீ உன் வேலையைப் பாரு ஈவி.” அவரிடம் காரணத்தைச் சொல்ல முடியாது. சொன்னால் அவர் போய்ப் பங்குத் தந்தையிடம் சொல்வார், ஏழரைக்குள் மயிலாப்பூர் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஆறரைக்குக் கர்னல் வந்தார். பூட்டுகள் திறந்தன. கர்னல் உள்ளே கால் வைத்ததும், அவர் பார்வை முதலில் போய் நின்றது அந்தக் கைத்துப்பாக்கியில்தான். ஒரு நொடி. அப்புறம் முகம் பழையபடி ஆகிவிட்டது. ஈவ்லின் அந்த நொடியைப் பார்த்துவிட்டாள். ராத்திரி முழுக்க இதைத்தான் தேடியிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தொலைந்தது என்று யாரிடமும் வாய்விட்டுக் கேட்கவும் முடியாது, அது இருப்பதாகவே யாருக்கும் தெரியக் கூடாதே.

கர்னல் பூட்ஸ் நுனியால் காட்டிக் காட்டி எண்ணினார். எட்டில் நிறுத்தினார். “எட்டு. இடுப்பில் ஆறு. பதினான்கு. சரி,” என்றார் சுத்தமான ஆங்கிலத்தில். பேனாவை எடுத்துப் பட்டியலில் கையெழுத்துப் போட்டார். அப்புறம் குனிந்து ஒன்பதாவதை எடுக்கக் கை நீட்டினார்.

“சார், சார், தொடாதீங்க.” வேம்பு குறுக்கே வந்து விழுந்தார். “மறு பூஜை ஆவல இன்னும்.” சூடத்தைத் தட்டில் வைத்து ஏற்றியேவிட்டார். கர்னல் நீட்டிய கையோடு நிற்க வேண்டியதாயிற்று. வேம்பு கண்ணை மூடிக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றினார். அந்த மூன்று சுற்றுக்குள் ஈவ்லின் குனிந்து, துண்டோடு சேர்த்து அந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டாள். பக்கவாட்டில் எண் இருக்க வேண்டிய இடம் அரத்தால் ராவியிருந்தது. சந்தனம் அந்தக் கீறல்களுக்குள் இறங்கியிருந்தது.

எண் இல்லாத துப்பாக்கியை எதற்குக் கொண்டுவருவார்கள்? எண் உள்ளது சுட்டால் சுட்டவன் யார் என்று தெரிந்துவிடும். இது சுட்டால், சுட்டபின் யார் காலடியில் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். உள்ளூர்ப் பைத்தியம் எவனோ சுட்டான் என்று முடித்துவிடலாம். துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அது எங்களுடையது,” என்றார் கர்னல்.

“எது சார்?”

“உங்கள் கையில் இருப்பது.”

“உங்களுடையது பதினான்கு. இப்போதுதான் எண்ணிக் கையெழுத்துப் போட்டீர்கள்.” ஈவ்லின் பட்டியலைத் திருப்பிக் காட்டினாள். “இது அதில் இல்லை. உங்களுடையதுதான் என்றால் புதிதாக எழுத வேண்டும். யாருடையது, எண் என்ன, எப்படி உள்ளே வந்தது. எழுதட்டுமா?”

சூடம் எரிந்து அடங்கியது. கர்னல் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

“வேண்டாம்,” என்றார். “நான் தப்பாக எண்ணிவிட்டேன். இதை இங்கே வைத்தது யார் என்று மட்டும் சொல்வீர்களா?”

“தெரியாது. காலையில் வந்து பார்த்தபோது இருந்தது.”

கர்னல் வேம்புவைப் பார்த்தார். வேம்புவுக்கு ஆங்கிலம் தெரியாதது அன்றைக்குக் கடவுள் புண்ணியம் என்று ஈவ்லின் நினைத்தாள். கர்னல் போனதும் துப்பாக்கியைப் போலீஸ் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். ஜெயித்துவிட்டது போலவே இருந்தது. அப்பாவுக்கு இனி ஒன்றும் ஆகாது என்று நினைத்தாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பது அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்?

துப்பாக்கியைப் பூட்டத் தெரிந்தவளுக்கு வேம்புவின் தட்டைப் பூட்டத் தோன்றவில்லை.

ஏழேகாலுக்கு மெய்க்காவலர்கள் பதினொரு பேரும் பங்களாவின் சாப்பாட்டு அறையில் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வேம்பு குளித்து நெற்றி நிறைய விபூதியோடு உள்ளே நுழைந்தார். எல்லாருக்கும் காகிதப் பொட்டலத்தில் பொரி கடலை. அது ஊருக்குப் பொது. ஆனால் பூஜைக்கு ஆயுதம் கொண்டுவந்து வைத்தவர்களுக்குத் தனி மரியாதை உண்டு. அவரவருக்கு உடைத்த தேங்காயில் ஒரு மூடி, ஒரு வாழைப்பழம், ஒரு வெற்றிலை. வண்டிச் சாவி வைத்த டிரைவர்களுக்கு அப்படித்தான் கொடுத்தார். கத்தி வைத்த சமையற்காரருக்கும் அப்படித்தான். கொடுக்காமல் விட்டால் அவர்கள் பங்கைத் தின்ற பாவம் தனக்கு என்பது வேம்புவின் கணக்கு.

மிரோவின் முன்னால் வந்து நின்றார். இரண்டு கையாலும் தேங்காய் மூடியை அவன் தட்டில் வைத்தார். பழத்தை வைத்தார். விரலில் சந்தனம் தொட்டு, அவன் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார்.

ஈவ்லின் வராந்தாவிலிருந்து இதைப் பார்த்தாள். கத்திக் கூப்பிட வாய் திறந்தாள், ஆனால் அதற்குள் காரியம் முடிந்திருந்தது. பதினொரு தட்டில் ஒரே ஒரு தட்டில் தேங்காய் மூடி வெள்ளையாக மல்லாந்து கிடந்தது. மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கர்னல் அதைப் பார்த்தார். பொட்டு வைத்த சாவியோடு வாசலில் நின்ற டிரைவர்கள் பக்கம் திரும்பி, அவர்கள் கையில் இருந்த மூடிகளையும் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முட்டையை உடைத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

மிரோ தேங்காயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வேம்புவைப் பார்த்து மெல்லத் தலையைக் குனிந்தான்.

ஒன்பது மணிக்கு வண்டிகள் கிளம்பின. பட்டினப்பாக்கம் வழியாக சாந்தோம் பத்து நிமிடம்தான். கடைகள் எல்லாம் மூடியிருந்தன. நேற்று உடைத்த பூசணிக்காய்கள் ரோடு நெடுகச் சிதறி, அதன்மேல் வண்டிகள் ஏறிப் போயின. கோவிலுக்குள் பவுல்சாமி வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு அதிபரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மகளைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்திக் காட்டினார். எப்படி இருக்கிறேன் பார் என்று அர்த்தம்.

மிரோ பக்கவாட்டு வாசல் அருகே தூணில் சாய்ந்து நின்றிருந்தான். கர்னல் முன்வரிசையில் அதிபருக்குப் பின்னால். பாடல் தொடங்கியதும் ஈவ்லின் மெல்ல நகர்ந்து மிரோவின் பக்கத்துக்குப் போனாள். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் இரவல்தான். அவனுக்கு இன்னும் கொஞ்சம் கடன் அதிகம்.

“அது உங்களிடம் இருக்கிறதா?” என்றான் முன்னாலேயே பார்த்துக்கொண்டு.

“இருக்கிறது.”

“நல்லது.” “இன்று. இங்கே. அப்பத்தைத் தூக்கிக் காட்டும்போது எல்லாரும் தலை குனிவார்கள் அல்லவா? அப்போது நான் சுட வேண்டும். கர்னலின் உத்தரவு. காலையில்தான் கையில் தருவதாக இருந்தார், நேற்றே அவர் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன்.”

“அதிபரையா?”

தலையசைத்தான். “பிறகு துப்பாக்கியை அந்தக் கிழவர் பக்கத்தில் போட வேண்டும். மெழுகுவர்த்தி வைத்திருக்கிறாரே, அவர். அவரையும் கர்னல் அப்போதே சுட்டுவிடுவார். கொலைகாரனைச் சுட்டுவிட்டோம் என்று சொல்வதற்கு.” நகமில்லாத கட்டைவிரலைத் தடவிக்கொண்டான். “நேற்று ஒத்திகையில் அவர் எனக்கு மிட்டாய் கொடுத்தார். அவருக்கு வீட்டில் யாராவது இருப்பார்கள் என்று நினைத்தேன்.”

ஈவ்லின் அப்பாவைப் பார்த்தாள். அது என் அப்பா என்று சொல்ல நாக்கு எழவில்லை. பீடத்தில் மணி அடித்தது. குருவானவர் அப்பத்தை உயர்த்தினார். கோவில் முழுக்கத் தலை குனிந்தது. கர்னல் மட்டும் குனியவில்லை. திரும்பி, தூணருகே நின்ற இவர்கள் இருவரையும் பார்த்தார். பார்த்துவிட்டு, மெதுவாக முன்னால் திரும்பிக்கொண்டார். அப்பாவின் மெழுகுவர்த்தி ஆடாமல் எரிந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

“எனக்கு ஒன்று வேண்டும்,” என்றான் மிரோ. “நான் திரும்பிப் போனால் விமானம் இறங்கும்வரைகூட உயிரோடு இருக்க மாட்டேன். இங்கேயே இருக்க முடியுமா? சிறையானாலும் சரி.”

கோவிலின் பின்பக்கம் ஒரு கதவு. அதைத் தாண்டினால் அவள் பிறந்து வளர்ந்த தெரு. அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் பதினைந்து வீட்டில் ஒரு வீடு திறக்கும். அவனைக் கொண்டுபோய் ஒளித்துவைக்க ஐந்து நிமிடம் போதும், அது அவள் கையிலேயே இருந்தது.

“விமான நிலையம் போவதற்குள் பேசிவிடுகிறேன்,” என்றாள்.

வெளியே வந்து பிரணவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. பிறகு கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

“நடக்கலல்ல? நடக்காததுக்கு எப்படி ரிப்போர்ட் எழுதுவீங்க? வந்தது பதினொரு பேர். போகும்போது பத்துப் பேர்னா எவன் பதில் சொல்றது? துப்பாக்கி லிஸ்ட்ல இல்ல, வெச்சுக்கிட்டீங்க, சரி. இவன் லிஸ்ட்ல இருக்கான் மேடம்.”

ஈவ்லின் வாதாடவில்லை. வாதாடியிருக்கலாம். நேராக மேலே போயிருக்கலாம், பத்திரிகைக்காரர்கள் நின்ற பக்கம் மிரோவின் கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கலாம். பயந்துவிட்டாள். பென்ஷனுக்கும் பேருக்கும் பயந்தாள். அதற்கு வேறு பெயர் கிடையாது.

விமான நிலையத்தில் மாலை நான்கு மணிக்கு எண்ணிக்கை நடந்தது. துப்பாக்கி பதினான்கு. ஆட்கள் பதினொன்று. மிரோ கடைசியில் நின்றான், நெற்றியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. கர்னல் ஒரு அண்ணனைப் போல அவன் தோளில் கை போட்டிருந்தார். படியேறும்போதும் அந்தக் கையை எடுக்கவில்லை. மிரோ ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே பரவாயில்லை என்று நினைத்த தன்மேல் ஈவ்லினுக்கு அருவருப்பு வந்தது. ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆறாம் நாள் அந்த நாட்டின் தூதரகத்திலிருந்து கடிதம் வந்தது. ஏற்பாடுகளுக்கு நன்றி. கூடவே ஒரு சிறு திருத்தம். அதிபரோடு வந்த மெய்க்காவலர்கள் பத்துப் பேர்தான், முதல் பட்டியலில் தவறுதலாகப் பதினொன்று என்று குறிக்கப்பட்டுவிட்டது, தங்கள் பதிவையும் அவ்வாறே திருத்திக்கொள்ளவும். புதிய பட்டியல் இணைத்திருந்தது. ஈவ்லின் பெயர்களை மேலிருந்து கீழாகப் படித்தாள். கீழிருந்து மேலாகவும் படித்தாள். மிரோ இல்லை. அன்று மத்தியானச் செய்தியில் அந்த அதிபர் ஏதோ ஒரு திறப்பு விழாவில் கை ஆட்டிக்கொண்டிருந்தார். பின்னால் கர்னல் நின்றிருந்தார்.

“ஒரு கோடு போட்டு இன்ஷியல் போட்டுடுங்க. அவங்களே கேக்கறாங்க, நமக்கென்ன,” என்றார் பிரணவ்.

கடிதம் வந்த செய்தி வேம்புவின் காதுக்கும் எட்டியிருந்தது. அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“அது எப்டி மேடம் பத்து? பதினோரு பேருக்குப் பொரி குடுத்தேனே. அந்தப் பெரிய மனுசன் எங்க போனாரு?”

“தெரியல வேம்பு.”

“நல்ல மனுசன் மேடம். நம்ம சாமியக் கும்புட்டாரு. நல்லாருப்பாரு.”

அந்தத் தேங்காயைப் பற்றி அவரிடம் ஈவ்லின் சொல்லவில்லை. சாகும்வரை சொல்லவும் மாட்டாள். பாவத்தில் அவருக்குப் பங்கு கொடுக்க அவளுக்கு உரிமை இல்லை, அது முழுக்க அவளுடையதுதான்.

அவர் போனபிறகு பழைய பட்டியலை எடுத்து மேசைமேல் விரித்தாள். பதினொன்றைத் தொடவில்லை. அதன்கீழே, “நானே எண்ணினேன்” என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டாள். போலீஸ் பெட்டியைத் திறந்து, துண்டோடு இருந்த துப்பாக்கியை வெளியே எடுத்து வைத்தாள். ஆயுதங்களின் வரிசையில் பதினான்குக்குக் கீழே பதினைந்து என்று எண் போட்டாள். கைத்துப்பாக்கி ஒன்று, எண் அழிக்கப்பட்டது, ஒப்படைத்தவர் மிரோ, பெறப்பட்ட இடம் அடையாறு. அன்று காலை ஆறரை மணிக்கு எழுதியிருக்க வேண்டிய வரி அது. எழுதியிருந்தால் பயணம் ரத்தாகியிருக்கும், அவள் வேலை போயிருக்கும், மிரோ இந்நேரம் மயிலாப்பூரில் ஏதோ ஒரு லாக்கப்பில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.